நினைவைத் தட்டி எழுப்பும் பாட்டு: வீட்டுப் பெரியவருக்குத் தொகுக்கும் முறை

"அப்பாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள் பிள்ளைகள். சொன்ன கையோடு இருநூறு பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து தருவார்கள். அப்பா கேட்பார், தலையாட்டுவார், அரை மணி நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பழைய நாள் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது.

பிடித்த பாட்டு வேறு, நினைவைக் கிளப்பும் பாட்டு வேறு. மிகவும் பிடித்த பாட்டை அவர் அறுபது வருஷமாகக் கேட்டுவருகிறார். ரேடியோவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், டிவியில், பேரன் போனில் என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. ஆயிரம் நாள் அதன்மேல் படிந்துவிட்டதால் எந்த ஒரு நாளும் தனியாக மேலே வராது. ஏதோ ஒரு பருவத்தில் காது புளிக்கக் கேட்டு, அப்புறம் வாழ்க்கையில் எதிர்ப்படாமலே போன பாட்டுதான் அந்தப் பருவத்தை அப்படியே வைத்திருக்கும். பல நேரம் அது அவருக்குப் பிடித்த பாட்டாகக்கூட இருக்காது. எதிர்வீட்டில் ஓயாமல் போட்டதாக இருக்கலாம், ஒருவேளை விளம்பரப் பாட்டாகவும் இருக்கலாம்.

ஆகவே பாட்டைத் தேடிப் புறப்படாதீர்கள். அவர் பாட்டுக் கேட்ட இடத்தைத் தேடுங்கள். இடம் கிடைத்தால் பாட்டு தானாக வரும். கீழே சொல்லும் வேலை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. நினைவாற்றல் நன்றாக இருக்கும் பெரியவருக்கும் மறதி நோய் வந்தவருக்கும் முறை ஒன்றே. இரண்டாமவரிடம் பொறுமை கூடுதலாக வேண்டும், கேள்விகள் குறைவாக இருக்க வேண்டும்.

மறதி நோயில் பேர், ஊர், காலையில் சாப்பிட்டது எல்லாம் போன பிறகும் பாட்டு மிஞ்சுவது ஏன்? 2015-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வுக்குழு ஒன்று, நெடுநாள் பழகிய இசையை அடையாளம் காண மூளை எந்தப் பகுதிகளைப் பயன்படுத்துகிறது என்று பார்த்தது. அல்சைமர் நோயில் மற்ற இடங்கள் சுருங்கினாலும் அந்தப் பகுதிகள் ஒப்பீட்டளவில் தப்பிப் பிழைப்பது தெரிந்தது. 2011-ல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: மனதை உலுக்கும் இடம் பாட்டில் வரும்போது மட்டுமல்ல, "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமின் என்ற இன்ப வேதிப்பொருள் சுரக்கிறது. முன்னிசையை வெட்டிவிட்டு நேராகப் பல்லவிக்குப் போகக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். காத்திருப்பதில்தான் பாதி சுகம்.

வருஷக் கணக்கு

பிறந்த வருஷத்தோடு 10 கூட்டுங்கள், பிறகு 25 கூட்டுங்கள். 1948-ல் பிறந்தவர் என்றால் 1958 முதல் 1973 வரை. முதிய வயதில் நினைவுகள் இந்தப் பதினைந்து வருஷத்தில்தான் அடர்த்தியாகக் குவிந்திருக்கும். அதிலும் 13 முதல் 20 வயது வரை உள்ள பாட்டுகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

இந்தக் கணக்கை அப்படியே போட்டால் நான்கு இடத்தில் சறுக்கும்.

முதலாவது, படம் வந்த வருஷம் வேறு, பாட்டு அவர் காதுக்கு வந்த வருஷம் வேறு. பட்டணத்தில் ஓடி முடித்த பிரிண்ட்தான் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும். அங்கே பழைய படங்களும் சுற்றிச் சுற்றி ஓடும். கிராமத்தில் வளர்ந்தவருக்குத் தேடும்போது தொடக்க வருஷத்தை ஐந்தாறு வருஷம் பின்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அம்மா, அத்தை, மூத்த அண்ணன் கேட்ட பாட்டு. பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகள்கூட ஒருவருக்கு நெருக்கமாக இருக்கும், வீட்டில் அதையே போட்டிருப்பார்கள். 1948-ல் பிறந்தவருக்கு எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டு வரி பிசகாமல் வருகிறது என்றால் அது அவர் அப்பாவின் பாட்டு. தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டு, நடவுப் பாட்டு எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு வருஷமே கிடையாது.

மூன்றாவது, ஊர் விட்டு ஊர் போனவர்கள். நாடு மாறிப்போனவர்களுக்கு, போன வயதை ஒட்டி இன்னொரு நினைவுக் குவியல் இருக்கும். 1978-ல் முப்பது வயதில் வளைகுடாவுக்குப் போனவருக்கு, போன பிறகான நான்கைந்து வருஷத்துக் கேசட் பாட்டுகள் பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டுக்கு நிகராகப் பேசும். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடு போனவர்களுக்கும் இதே கணக்கு. அங்கே எச்சரிக்கையும் கூடவே வேண்டும், பின்னால் சொல்கிறோம்.

நான்காவது, பாட்டு சினிமாவுக்குள் மட்டும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது 1963-ல். அதற்குப் பிறகு வளர்ந்த பல வீடுகளில் விடியற்காலை என்றாலே அந்தக் குரல்தான். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் ஒரு வீட்டில் பக்தி, இன்னொரு வீட்டில் கட்சி மாநாட்டுப் பந்தல். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை. எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்கக் கூச்சப்பட்டால் பட்டியலில் பாதி போய்விடும்.

இடத்தை விசாரிக்கும் முறை

"உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்காதீர்கள். எழுபது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பாட்டைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பதிலே அல்ல, மரியாதைக்குச் சொல்வது. இப்படிக் கேளுங்கள்:

உங்க தெருவில் முதல்ல யார் வீட்டுக்கு ரேடியோ வந்தது? அதை எங்கே வைத்திருந்தார்கள், யார் திருப்புவது? சலூனிலும் டீக்கடையிலும் எந்த ஸ்டேஷன் போடுவார்கள்? கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினால் குழாயை எந்த மரத்தில் கட்டுவார்கள்? காலையில் முதலில் போடும் ரெக்கார்டு எது? டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று எந்தச் சாமிப் பாட்டை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு என்ன பாடினீர்கள்? வேலைக்குப் போன பஸ்ஸில் டேப் ஓடுமா? சண்டை வந்தால் அம்மா எந்தப் பாட்டை முணுமுணுப்பார்?

கடைசிக் கேள்வி விளையாட்டுக்காகச் சேர்த்தது இல்லை. அடுப்படியில் பாடுகிறவர்கள் மனநிலைக்குத் தக்கபடி பாட்டை மாற்றுவார்கள். பிள்ளைகள் அதைக் காதில் வாங்கியே வளர்ந்திருப்பார்கள்.

ரேடியோ பேச்சு வந்தால் அவசரப்படாமல் அங்கேயே உட்காருங்கள். 1950-களில் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வெகுவாகக் குறைக்கப்பட்டது. நேயர்கள் அப்படியே இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தார்கள். 1957 அக்டோபர் 3-ல் அகில இந்திய வானொலியின் பாட்டு ஒலிபரப்பான விவித் பாரதி வந்ததே அந்தக் கூட்டத்தைத் திருப்பி அழைக்கத்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் முள் இலங்கையிலேயே நின்றுவிட்டது. எனவே அந்தத் தலைமுறைக்குப் பாட்டோடு சேர்த்து அறிவிப்பாளர் குரலும் ஒரு சாவி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று பேரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும். காலை 'பொங்கும் பூம்புனல்' தொடக்க இசைக்குப் பல் தேய்த்த கிணற்றடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் வலு உண்டு. இந்த ஒலிப்பதிவுகளில் சில இணையத்தில் கிடைக்கின்றன. கிடைத்தால் இரண்டு முழுப்பாட்டுக்குச் சமம் என்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970-களில் பிறந்தவர்களுக்கு இதே வேலையைத் தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' செய்யும்.

பெரியவரால் பேச முடியாத நிலை என்றால் அவருடைய தம்பி தங்கைகளையும் பள்ளிக்கூடத் தோழர்களையும் போனில் பிடியுங்கள். மனைவி அல்லது கணவரிடம் கேட்பதைக் கடைசிக்கு வைக்கலாம், கல்யாணத்துக்கு முந்தைய பாட்டு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சில நேரம் சொல்ல மாட்டார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம். இருபது நிமிஷம் போதும். மறுநாள் அவரே கூப்பிட்டு, "நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார். அப்படி வருவதுதான் உருப்படியாக இருக்கும். இரண்டு வாரத்தில் நாற்பது பாட்டுகள், ஒலிகள் கையில் சேர்ந்துவிடும். அதற்கு மேல் தேட வேண்டாம்.

சரியான பதிவைப் பிடிப்பது

பாட்டின் பேர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். கெட்டுப்போவது இங்கேதான். ஒரே பாட்டுக்கு இணையத்தில் பத்துப் பதிவு இருக்கும்: படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுத்தது, இசைத்தட்டிலிருந்து எடுத்தது, டிவி மேடையில் யாரோ பாடியது, தபேலாவுக்குப் பதில் மின்தாளம் சேர்த்துப் 'புதுப்பித்தது'. பெரியவர் காதில் இருப்பது அதில் ஒன்றே ஒன்று.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் கொள்ளும். படத்தில் நீளமாக வரும் பாட்டை இசைத்தட்டுக்காகச் சுருக்குவார்கள், அல்லது இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். ரேடியோவிலும் மைக் செட்டிலும் ஓடியது இந்தச் சுருக்கம். தியேட்டரில் கேட்டது நீளமானது. அவர் எங்கே கேட்டார் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தால் எதை எடுப்பது என்பதில் குழப்பம் வராது.

அடுத்து சுருதி. 1994-ல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், இசைப் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களைப் பிடித்த பாட்டைப் பாடச் சொன்னார். கணிசமானவர்கள் அசல் பதிவின் சுருதிக்கு மிக அருகிலேயே பாடினார்கள். பழகிய பாட்டு நம் காதில் சுருதியோடுதான் பதிந்திருக்கிறது. வேகம் தப்பி ஓடிய டேப்பிலிருந்து ஏற்றிய பதிவு அரைச் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். பெரியவர் அதைக் கேட்டு, "என்னமோ மாதிரி இருக்கே" என்பார். காரணம் சொல்லத் தெரியாது. அந்த வார்த்தை வந்தால் வாதாடாமல் வேறு பதிவு தேடுங்கள்.

தேடும்போது பல்லவியின் முதல் மூன்று சொல்லைத் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாடகர் பேரை நம்பித் தேடாதீர்கள், ஏற்றியவர்கள் தப்பாகப் போட்டிருப்பது சகஜம். ராகம் மட்டும் தெரிந்து வரி தெரியவில்லை என்றால் கூகுள் செயலியில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020 முதல் இருக்கிறது. 15 நொடி விடாமல் முனகினால் பிரபலமான பாட்டைக் கண்டுபிடித்துவிடும். நாட்டுப்புறப் பாட்டுக்கு அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. சித்தியையோ பெரியம்மாவையோ பாடச் சொல்லிப் போனில் பதிவதே வழி. குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் அதற்குத் தனி மரியாதை கொடுங்கள். 1980-களில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது அல்லது தொண்ணூறு நிமிஷ நாடாவில் பதிந்து வாங்கிய கேசட் என்றால் அதைவிட நல்ல சான்று வேறு கிடையாது. அவர் கையால் எழுதிய வரிசை அது. அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். ஒரு பாட்டு முடிந்த மௌனத்திலேயே அடுத்த பாட்டின் முதல் சுரம் அவர் காதில் கேட்கத் தொடங்கிவிடும். வரிசை மாறினால் அந்த எதிர்பார்ப்பு ஏமாறும்.

கேசட்டைக் கணினிக்கு ஏற்றுவதற்கு முன் சில காரியங்கள்:

நாடாவின் சுருளைக் கேசட்டின் சின்னச் சன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம், அதை ஓட்டவே கூடாது. டேப் ரெக்கார்டரின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். அதற்கென்று சுத்தம் செய்கிற ஆளிடம் கொடுங்கள்.

நாடாவுக்குப் பின்னால் சிறு பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்கும். அது உதிர்ந்திருந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி வரும். நாடா கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். திருகு வைத்த வேறு கேசட்டைப் பிரித்து, சுருள் இரண்டையும் அதற்குள் மாற்றினால் சரியாகிவிடும்.

கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கடிதக் கேசட்டுகள் பாட்டுக் கேசட்டோடு கலந்து கிடப்பது வழக்கம். பாட்டு என்று நினைத்துப் போட்டால் இறந்துபோனவர் குரல் வரும். முதலில் நீங்கள் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

டேப்பின் தலையையும் ரப்பர் உருளையையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், காய ஐந்து நிமிஷம் விடுங்கள். கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் இளகும். ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு நேராக ஒயர் கொடுத்தால் சத்தம் பிளந்து வரும். மைக் துளை மெல்லிய ஒலிக்காகச் செய்தது. யுஎஸ்பி வழி ஒலி வாங்கும் சிறு கருவி ஒன்றை நடுவில் வையுங்கள். அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மீறித் தீட்டினால் பாடகர் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல ஆகிவிடும். கொஞ்சம் 'ஸ்ஸ்' இருக்கட்டும், அவர் கேட்டதும் அந்த 'ஸ்ஸ்' சத்தத்தோடுதான்.

போட்டுப் பார்ப்பது

நாற்பதையும் பதினைந்தாகக் குறைக்க வேண்டும். ஒரு அமர்வுக்கு ஐந்து பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தூக்கக் கலக்கம் இல்லாத நேரமாகப் பாருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். மின்விசிறி சத்தம் போட்டால் அதையும் குறைக்கலாம்.

ஒலிபெருக்கியை அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில், முகத்துக்கு நேராக வையுங்கள். பாட்டு ஓடும்போதே இருவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்தால் அளவு சரி. ஹெட்போன் மாட்டினால், பக்கத்தில் இருப்பவருக்கு வெளியே பாட்டு கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சத்தம் அதிகம். காதுக்குள் செருகுவது வேண்டாம், காதை மூடி உட்காரும் வகையே வசதி.

ஒரு காது மந்தமானவர்களுக்கு ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். ஸ்டீரியோ வந்த புதிதில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் பிரித்து வைத்த பதிவுகள் உண்டு. கேட்காத காதின் பக்கம் குரல் போய்விட்டால் அவருக்கு வெறும் தாளம்தான் கேட்கும். போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ என்று இருக்கும், இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கித் தருவது, அதைப் போட்டுவிடுங்கள்.

காது மெஷின் மாட்டியிருப்பவர் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் வரும்போது முகம் சுளித்தால் பாட்டு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷின் பேச்சுக்காகச் சீர்செய்யப்பட்டது. இழுத்து ஊதும் சுரத்தைத் தன்னுடைய 'கீ' சத்தம் என்று நினைத்து அது அமுக்கப் பார்க்கும், ஒலி நெளியும். மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கொடுத்துப் பாருங்கள், அல்லது செவித்திறன் நிபுணரிடம் இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லுங்கள்.

புளூடூத் பெட்டியை அவர் அறைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே போனோடு இணைத்துவிடுங்கள். இணைந்ததும் ஆங்கிலத்தில் ஓர் அம்மா கத்துவாள், பாட்டுக்கு முன்பே பெரியவர் திடுக்கிட்டுப் போவார்.

பாட்டு ஓடும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். கால் பெருவிரல், தொடைமேல் வைத்த விரல்கள், உதடு, மூச்சு எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டுத் தேதி, பாட்டு, என்ன நடந்தது, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மதிப்பெண் எளிதாக இருக்கட்டும்: அசைவே இல்லை என்றால் 0, தாளம் மட்டும் வந்தால் 1, கூடப் பாடினால் 2, பாட்டில் இல்லாத எதையாவது சொன்னால் 3. "அப்ப கொல்லையில மாடு கட்டியிருக்கும்" என்றாரா? அது 3. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் 2 தான். நாம் தேடுவது 3.

பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தட்டாதீர்கள். குறைந்தது இருபது நொடி சும்மா இருங்கள். நினைவு பாட்டோடு வராது, பாட்டு முடிந்த அமைதியில்தான் வரும். செயலியில் ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்ததைக் கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கலைத்துப் போடுவதையும் தானாக அடுத்ததுக்குத் தாவுவதையும் நிறுத்துங்கள்.

"இதை யார் பாடினது சொல்லுங்க பாப்போம்?" என்று எந்தக் காரணம் கொண்டும் கேட்காதீர்கள். மறதி உள்ளவருக்கு அது பரீட்சை. தெரியாதபோது அவமானப்பட்டு வாயை மூடிக்கொள்வார், பிறகு பாட்டே வேண்டாம் என்பார். அதற்குப் பதில் பல்லவியின் முதல் பாதியை நீங்கள் பாடி, மறந்தமாதிரி நிறுத்துங்கள். மீதியை அவர் பாடுவார். இன்னொரு தந்திரம், வரியைத் தப்பாகப் பாடுவது. திருத்தாமல் விடுகிற மாமியாரை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

அழுதால்

கண்ணீர் வந்தால் பதறிப் பாட்டை நிறுத்த வேண்டாம். பாதியில் நிறுத்தினால், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான் அவருக்கு மிஞ்சும். கையைப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை கூட உட்காருங்கள். நெகிழ்ந்து வரும் அழுகையில் உடம்பு தளர்ந்திருக்கும், மூச்சு ஆழமாக இருக்கும்.

கை இறுகுவது, முகத்தைத் திருப்புவது, மூச்சு வேகமாவது, எழுந்து போகப் பார்ப்பது வேறு வகை. ஐந்து நொடியில் சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். வரியில்லாத வாத்திய இசை ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருந்து அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு அறைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுங்கள். அந்தப் பாட்டை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

எவை சிவப்புக்குப் போகும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். சாவு வீட்டில் போட்ட பாட்டு. துணையை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாதவருக்குக் கல்யாணப் பாட்டு. போரில் வீடு, பிள்ளை இழந்தவர்களுக்கு அந்த வருஷங்களில் ஒலித்த எழுச்சிப் பாட்டு, சில நேரம் அதே வருஷத்துச் சாதாரண சினிமாப் பாட்டும்கூட. குடித்துவிட்டு வந்து அடித்த அப்பா பாடிய பாட்டு நல்ல பாட்டாகவே இருந்தாலும் அந்த வீட்டில் ஒலிக்கக் கூடாது. காரணம் கேட்டுத் துருவ வேண்டாம். இரண்டு மூன்று பாட்டுக்கும் இப்படியே ஆகி, பிறகு சாப்பாடு தூக்கம் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது போடுவது, எத்தனை முறை

நாள் முழுக்கப் பின்னணியில் ஓடவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாப் பாட்டும் செத்துவிடும். மேலே சொன்ன அதே காரணம்தான்: ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அன்றைய கட்டிலும் மாத்திரை டப்பாவும் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும், பழைய கொல்லையும் மாடும் அடியில் போய்விடும். 3 மதிப்பெண் வாங்கிய பாட்டுகளை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போடாதீர்கள். 2 வாங்கியவை தினசரிப் புழக்கத்துக்கு. 1 வாங்கியவை நடைப்பயிற்சிக்கும் குளியலுக்கும் ஆகும், தாளம் போதும்.

மறதி நோயுள்ள பலருக்குச் சாயங்காலம் ஆனால் படபடப்பு ஏறும், "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அது ஐந்தரைக்குத் தொடங்கும் என்றால் ஐந்து மணிக்கே பாட்டைத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் ஓர் இரைச்சலாகத்தான் சேரும். முப்பது நிமிஷம் போதும். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, ஊசி போடும்போது, நகம் வெட்டும்போது 2 மதிப்பெண் பாட்டு கைகொடுக்கும், வாய் பாடிக்கொண்டிருந்தால் கை முரண்டு பிடிக்காது. சாப்பாட்டு வேளையில் மட்டும் கூடப் பாடவைக்கும் பாட்டைப் போடாதீர்கள், புரையேறும்.

மாத்திரைக்கு மாற்றாக இதை நினைக்க வேண்டாம்.

பெட்டி

யூடியூபிலிருந்து நேராகப் போட்டால் சரணத்துக்கு நடுவில் பிஸ்கட் விளம்பரம் குதிக்கும், அதோடு அன்றைய அமர்வு முடிந்தது. பாட்டுகளைக் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். முறையாக வாங்கியவையும் வீட்டுக் கேசட்டிலிருந்து ஏற்றியவையும் போதும். பென் டிரைவை ஃபேட்32 (பெரும்பாலான பெட்டிகள் படிக்கும் கோப்பு அமைப்பு) வடிவத்தில் அமைத்து, கோப்பின் பேருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். எண் இல்லாவிட்டால் பல பெட்டிகள் தங்கள் இஷ்டப்படி வரிசையை மாற்றிக்கொள்ளும். 2017-ல் வந்த சரிகம கார்வான் போன்ற பழைய ரேடியோ உருவப் பெட்டிகள் பெரியவர்களுக்குக் கைப்பழக்கம் எளிது, குமிழைத் திருகினால் போதும். அதற்குள் முன்பே ஏற்றிய ஆயிரக்கணக்கான பாட்டுகள் பொழுதுபோக்குக்கு நல்லவை, இந்த வேலைக்கு அல்ல. பக்கத்தில் உள்ள யுஎஸ்பி துளையில் உங்கள் பென் டிரைவைச் செருகி அதை ஓட்டுங்கள். தேவையில்லாத பட்டன்கள் மேல் காகித டேப் ஒட்டிவிடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள். 3 வாங்கிய பாட்டு இப்போது 1 ஆகியிருந்தால் அதை ஆறு மாதம் கண்ணில் படாமல் வையுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். நோய் முற்ற முற்ற இளமைக் காலப் பாட்டு விலகி, அதற்கும் முந்தைய தாலாட்டும் சாமிப் பாட்டும் முன்னுக்கு வருவதுண்டு. அப்போது பட்டியலையும் பின்னோக்கி நகர்த்துங்கள்.

பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனது பத்தாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள். போடவே கூடாத பாட்டுகள் முதலில், சிவப்பில். அதற்குக் கீழே சத்தம் எந்தக் கோடு வரை, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். அதற்கும் கீழே ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் சொன்ன ஒரு வரி: "இது சித்தப்பா கடையில் ஓடினது", "இது பாவாடை கட்டின வயசு". புதிதாக வந்த ஆளுக்கும் பேச ஒரு பிடி வேண்டும் அல்லவா? பாட்டு முடிந்து இருபது நொடி ஆனதும், "அந்தச் சித்தப்பா கடை எங்கம்மா இருந்தது?" என்று அவரும் கேட்கலாம்.